நீ சொல்லுகியா, மேல இருந்து சொல்லுகாவளா?

கொரோனா நேரத்துல நான் கன்னியாகுமரி மாவட்டத்துல கடலோர ஊர் ஒண்ணுல கிராம சுகாதார செவிலியரா இருந்தேன். ஜனங்க ஊசியப் பாத்து பயந்தாங்கன்னு நெறய பேரு சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல. புதன்கிழமையானா யாரும் கூப்பிடாமலே பிள்ளைகள தூக்கிட்டு வந்து தடுப்பூசி போட்டுட்டுப் போற ஊரு அது. அவங்களுக்கு சந்தேகம் ஊசி மேல இல்ல, சொல்லுற ஆளுங்க மேலதான்.

2020 ஆகஸ்ட் 28-ல எங்க எம்பி வசந்தகுமார் கொரோனால இறந்தப்போ, எம்பிக்கே இந்த கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்னு ஊரே அடங்கிப் போச்சு. அவரு இடத்துக்குதான் 2021 ஏப்ரல் 6 இடைத்தேர்தல், சட்டசபை ஓட்டும் அன்னிக்கே. பிரச்சாரக் கூட்டத்துல மாஸ்க்கெல்லாம் தாடைக்குக் கீழ கெடந்துச்சு, இந்த கட்சி அந்த கட்சின்னு இல்ல. ஓட்டு போடுற அன்னிக்கு மட்டும் டெம்பரேச்சர் பாத்து, சானிடைசர் ஊத்தி, கைக்கு பாலிதீன் கிளவுஸ் ஒண்ணு குடுத்து, கடைசி ஒரு மணி நேரம் கொரோனா வந்தவங்களுக்குன்னு ஒதுக்கி, எல்லாம் பக்காவா நடந்துச்சு. ஓட்டு முடிஞ்சு நாலே நாள், ஏப்ரல் 10-ல இருந்து கல்யாணத்துக்கு 100 பேர், அடக்கத்துக்கு 50 பேர்தான்னு ரூல். அத நான் வீடு வீடா போய் சொல்லணும்! ஒரு அக்கா நேராவே கேட்டா, "மீட்டிங்குக்கு வண்டி வச்சு கூட்டிட்டுப் போனப்போ வராத கொரோனா, எங்க அம்மைக்க அடக்கத்துக்கு மட்டும் வருமா சிஸ்டர்?" என்னத்த சொல்ல.

அந்த வாரமே நடிகர் விவேக் 15-ஆம் தேதி ஊசி போட்டு 17-ல இறந்துட்டாரு. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டருங்க அன்னிக்கே சொன்னாங்க, பிறகு விசாரிச்ச கமிட்டியும் அதத்தான் சொல்லிச்சு, ஆனா எங்க கேம்ப்ல அன்னிக்கு சேரெல்லாம் காலியா கெடந்தத நான்தான் பாத்தேன்.

அதுக்கு மேல கோவிஷீல்டு ஊசியில மொத டோஸுக்கும் ரெண்டாவது டோஸுக்கும் நடுவுல உள்ள கேப் வேற. மொதல்ல 28 நாள்னு அட்டைல எழுதிக் குடுத்தோம், மார்ச்சுல ஆறுல இருந்து எட்டு வாரம்னாங்க, மே மாசம் பன்னெண்டுல இருந்து பதினாறு வாரம்னுட்டாங்க. இடைவெளி கூடுனா எதிர்ப்பு சக்தி கூடும்னு வெளிநாட்டு ஆய்வெல்லாம் இருந்துச்சு, பொய் இல்ல, ஆனா ஸ்டாக் இல்லாம ஜனங்க திரும்பிப் போயிட்டிருந்த அதே சமயத்துல அதச் சொன்னா எவன் நம்புவான்? எங்க ஊரு பாட்டா ஒருத்தரு நான் எதச் சொன்னாலும், "இது நீ சொல்லுகியா மக்ளே, மேல இருந்து சொல்லுகாவளா?"ன்னு கேப்பாரு. நான் சொல்லுறேன்னா தலையாட்டுவாரு, மேல இருந்துன்னா வெத்தலைய மடிச்சு வாயில போட்டுட்டு கடலப் பாப்பாரு. அதனால ஸ்டாக் இல்லன்னா இல்லன்னே சொல்லிருவேன். திட்டுவாங்க, ஆனா அடுத்த தடவ கூப்பிட்டா வந்தாங்க.

ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு அரசுத் திட்டம் ஆரம்பிச்சு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துச்சு. இதுவும் மேல இருந்து வந்ததுதான, ஆனா பாட்டா ஒண்ணும் கேக்கல, ஏன்னா மாத்திரை சொன்னபடி மாசாமாசம் கைக்கு வந்துச்சு. அவரு கடைசில ஊசி போட்டது கூட மாத்திரை கொண்டு போன அக்கா கையப் பிடிச்சு கேம்ப்புக்கு கூட்டிட்டு வந்துதான், நான் பேசிப் பேசி வந்ததில்ல.