சிட்டுவரைப் பள்ளத்தில் உறைபனி

டிசம்பர் 3
வங்கக்கடலில் மறுபடியும் காற்றழுத்தத் தாழ்வு. அது தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் மூணாறில் எங்களுக்கு வானம் மூடிக்கொள்ளும். மேகம் போர்வை போர்த்தியதுபோல் நிற்கிறது. தரையின் சூடு மேலே போக வழியில்லை. ராத்திரியிலும் 13 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

டிசம்பர் 16
வானம் வெளுத்து நட்சத்திரம் தெரிந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன். தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்.
"காத்து இருக்காடா?"
"லேசா இருக்கு மாமா."
"அப்ப இழுத்துப் போத்திட்டுத் தூங்கு."
காற்று வீசினால் மேலேயுள்ள கொஞ்சம் சூடான காற்று கீழே வந்து கலந்துவிடும். புல் உறையாது. காலையில் பார்த்தேன், வெறும் பனித்துளிதான்.

டிசம்பர் 29
உறைபனி கிடைத்தது! விடியுமுன் பைக்கை எடுத்தேன். படையப்பா என்ற காட்டு யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஜீப் டிரைவர்களிடம் கேட்காமல் இந்த நேரத்தில் கிளம்பக்கூடாது. அந்தக் கொம்பனுக்கு ரோடும் காடும் ஒன்றுதான். மாட்டுப்பட்டி தாண்டியதும் வெளியூர் வண்டிகள் வரிசையாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறிக்கொண்டிருந்தன. உயரம் கூடினால் குளிரும் கூடும் என்ற கணக்கு. பகலில் அது சரி. காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேலே நிற்பவருக்கு ஸ்வெட்டர் போதும், கீழே புல் உறைந்து கிடக்கும்.

சிட்டுவரை எஸ்டேட் பக்கம் பள்ளத்தில் புல்தரை முழுக்க வெள்ளை. நெஞ்சு உயரத்தில் பிடித்த தெர்மாமீட்டர் 3 காட்டியது. அதையே புல்மேல் வைத்ததும் மைனஸ் 1. செய்தியில் '3 டிகிரி' என்று வரும் நாளிலும் தரை உறைந்திருப்பது இதனால்தான். நடக்க நடக்கக் காலடியில் மொறுமொறுவென்று சத்தம். ஏரிக்கரையில் மட்டும் ஒன்றுமில்லை; தண்ணீர் பகல் சூட்டை விடாமல் வைத்திருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விறகு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, "நல்லா எடுத்துக்க தம்பி. வெயில் விழட்டும், கொழுந்து கருகிரும்" என்றார். உறைந்த இலைமேல் வெயில் சட்டென விழும்போதுதான் சேதம் வெளியே தெரியும். நாற்றங்காலைப் பெரணித் தழையால் மூடி வைத்திருந்தார்கள்.

ஜனவரி 5
சாயாக்கடையில் சென்னைப் பையன்கள். 'தென்னிந்தியாவின் காஷ்மீர்' என்ற விளம்பரத்தை நம்பி, பனிச்சறுக்கு எங்கே என்று கேட்டார்கள். அதற்குக் குல்மார்க்தான் போகணும் தம்பிகளா. அங்கே பனி வானத்திலிருந்து விழுந்து ஆளுயரம் குவியும். இங்கே காற்றிலுள்ள ஈரம் புல்மேல் படிந்து உறைகிறது, வெயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும். விளம்பரம் எழுதியவரைத்தான் திட்டவேண்டும்.

ஜனவரி 11
மறுபடி மேகம், தூறல். தை பிறக்கப்போகிற நேரத்தில் மழையா என்று மாமா புலம்பல்.

ஜனவரி 22
அடுத்தடுத்த ராத்திரிகளில் உறைபனி. இன்று மாமாவையும் கூட்டிப்போனேன். பள்ளத்துத் தேயிலை செங்கல் நிறம். அதற்குச் சற்று மேலே பச்சை. குளிர்காற்று எதுவரை தேங்கியது என்பதற்குக் கோடு போட்டதுபோல் அடையாளம். செடி சாகாது, மறுபடி துளிர்க்கும். அதுவரை அந்த மலையில் கொழுந்து குறையும், கிலோக் கணக்கில் கிடைக்கிற கூடுதல் காசும் குறையும். ரிசார்ட்டில் ரூம் கிடைக்காத வாரம், லயத்தில் கை கடிக்கிற வாரம். மாமா படம் எடுக்கவே விடவில்லை.

பிப்ரவரி 2
உறைபனியில் செத்த புல் காய்ந்து சருகாகிவிட்டது. காட்டுத்தீக்குப் பயந்து வனத்துறை ஆட்கள் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவையும் அடைத்துவிடுவார்கள். மீசப்புலிமலைப் பாதையை மூடுவதற்குள் ஒருமுறை ஏறிவிடவேண்டும். சனிக்கிழமைக்கு ஜீப் சொல்லியாச்சு.