வீட்டுக்குள்ள கோல்ஃப் சிமுலேட்டர்: காசு எங்க போகுது

மாரிமழைக்குச் சீனக்குடா கோல்ஃப் திடலில ஆடேலாது எண்டு வீட்டில சிமுலேட்டர் (திரையில பந்தடிச்சு, அது எங்க போயிருக்கும் எண்டு பாக்கிற ஏற்பாடு) போட நினைக்கிற திருமலை ஆக்களுக்கு: முதல்ல அறையை அளவுங்கோ. டிரைவர் எண்ட நீளமான மட்டையை வீச 10 அடி உயரம் வேணும். சீலிங் ஃபேனைக் கழற்றத்தான் வேணும், வேற வழியில்ல.

பந்தின்ர வேகத்தையும் போக்கையும் அளக்கிற கருவி கார்மின் ஆர்10 2021இல 599 டொலருக்கு வந்தது. சுங்கவரி, ஏத்துக்கூலி தனி. ரேடார் எண்டபடியால் பந்துக்குப் பின்னால 6–8 அடி, முன்னால 8 அடி கேக்கும். அறை கட்டையெண்டால் பக்கத்தில வைக்கிற கமரா வகைதான் சரி, ஆனா விலை கூட.

பந்து படுகிற திரையைச் சுவரோட ஒட்டி விறைப்பாக் கட்டாதேங்கோ. ஒரு அடி இடைவெளி இல்லாட்டி பந்து சுவரில பட்டு உங்கட முழங்காலுக்கே திரும்பி வரும். திரையைக் கட்டுற சட்டத்துக்குக் கல்வனைஸ் குழாய். கடல்காத்துக்கு முதல்ல துருப்பிடிக்கிறது மூட்டு ஆணிதான். பந்தை வைச்சு அடிக்கிற விரிப்பில மிச்சம் பிடிக்காதேங்கோ, மெல்லிசெண்டால் சீமெந்துத்தரை மணிக்கட்டைப் பதம்பார்க்கும். புரொஜெக்டர் பிறகு பாப்பம், தொடக்கத்துக்குப் போன் திரையே காணும்.