மலை வழிகாட்டியின் வேலை கயிற்றில் இல்லை, வேகத்தில் இருக்கிறது

மலை வழிகாட்டி என்றதும் பலருக்கும் கயிறும் பனிக்கோடரியும்தான் நினைவுக்கு வரும். பெரும்பாலான நாட்களில் அவை பையிலேயே கிடக்கும். உண்மையான வேலை, குழுவின் வேகத்தைக் கட்டிப்போடுவது.

முதல் அரை மணி நேரம் எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக நடக்க வேண்டும். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அதுவும் குழுவிலேயே மெதுவாக நடப்பவருக்கு. அவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நடக்க விடுவது நல்லது. கடைசியில் விட்டால், முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காது. புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் ஒருமுறை நின்று, மேலே போட்டிருப்பதில் ஒன்றைக் கழற்றச் சொல்ல வேண்டும். வியர்வையில் நனைந்த துணியோடு காற்றடிக்கும் முகட்டில் போய் நின்றால் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும்.

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி நேரம். ஆனால் இது திடமானவர், நல்ல பாதையில், நிற்காமல் நடந்தால் வரும் கணக்கு. குழுவோடு போகும்போது பாதியையாவது கூட்டிக்கொள்ள வேண்டும். பனியிலும் அதிக உயரத்திலும் அதுவும் போதாது. சிகரம் கண்ணில் தெரிந்தாலும் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் காலையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். மேலே போய் முடிவெடுக்கலாம் என்று விட்டால், ஆசைதான் முடிவெடுக்கும்.

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும், உடல் அதற்குப் பழக நாளாகும். அதனால் 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் அதைவிட மேலே போய்வருவதில் தவறில்லை.

'தலைவலி இருக்கிறதா?' என்று கேட்டால் பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில் வரும். செலவழித்து வந்தவர் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுவார். கேள்வியைவிட அவர் தட்டில் மிச்சம் வைத்த உணவு அதிகம் சொல்லும். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், மிதமிஞ்சிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலே உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோய் என்று வைத்துக்கொண்டு ஏற்றத்தை நிறுத்த வேண்டும். குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் மூளை வீக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் விடியும்வரை காத்திராமல், துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்தும் அவகாசம் தருமே தவிர, இறங்குவதற்கு மாற்றாகாது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்புவது ஆபத்து: குளிர்ந்த விரல் தவறான எண்ணைக் காட்டும், நல்ல எண் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

செங்குத்தான சரிவில் கயிற்றோடு ஏறும்போது வழிகாட்டி முதலில் போவார். இறங்கும்போது கடைசியில் வருவார். கீழே இருப்பவர் வழுக்கினால், மேலே நிற்பவரால்தான் கயிற்றை இழுத்துப் பிடிக்க முடியும்.