மூன்று மூலை சதுரம், ஒரு மூலை உருண்டை

அக்டோபர் 7, செவ்வாய்

சனிக்கிழமை ரோச்செஸ்டர் கோட்டைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்குள் கொஞ்சம் வாசித்து வைப்போம் என்று உட்கார்ந்தால், கோட்டையைவிடப் பாலம்தான் அதிகம் பேசப்படுகிறது. மெட்வே ஆற்றின் மேல் ரோமானியர் காலத்திலேயே இங்கே பாலம் இருந்திருக்கிறது. டோவர், கேன்டர்பரி பக்கமிருந்து லண்டன் போகும் பழைய சாலை அதன் வழியாகத்தான் ஆற்றைக் கடந்தது. பாலம் யார் கையிலோ, சாலை அவர் கையில். அதற்குப் பூட்டுப் போடத்தான், 1066இல் பிரான்ஸ் பக்கமிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் பக்கத்திலேயே கோட்டை கட்டினார்கள்.

முதலில் கல்லில் கட்டியவர் கண்டல்ஃப் என்ற ஆயர். லண்டன் டவரின் வெள்ளைக் கோபுர வேலையையும் பார்த்தவர் அவர்தான். 1080களின் கடைசியில் ரோச்செஸ்டர் வேலைக்கு அவர் 60 பவுண்டு செலவழித்ததாகப் பதிவு இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

கூட வந்தது அண்ணன் மகன். தேவாலயப் பக்கமிருந்து மேட்டில் ஏறியதுமே கேட்டுவிட்டான்: "சித்தப்பா, ஒரு மூலை மட்டும் ஏன் ரவுண்டா இருக்கு?"

சரியான கேள்வி. மையக் கோபுரத்தின் மூன்று மூலைகள் சதுரம், தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. பதிலை அப்போதே சொல்லவில்லை, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன்.

1127இல் மன்னர் முதலாம் ஹென்றி இந்தக் கோட்டையின் பொறுப்பைக் கேன்டர்பரி பேராயரிடம் ஒப்படைத்தார். அப்போது பேராயர் வில்லியம் டி கார்பெய்ல் கட்டியதுதான் இந்தக் கோபுரம். சுவர் உயரம் மட்டும் 113 அடி. அதற்கு மேல் மூலைக் கொத்தளங்கள் வேறு. உள்ளே போனால் ஒரு தளமும் இல்லை. மரத்தளங்கள் எல்லாம் போய், அடியிலிருந்து வானம் வரை வெறும் கூடு. சுவரில் வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள், அவைதான் உத்திரம் செருகிய இடங்கள். அந்தரத்தில் ஓர் அடுப்பு, அதற்கு மேல் இன்னோர் அந்தரத்தில் ஒரு வாசல், நடுவில் புறாக்கள். கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தால்தான் எங்கே கூடம், எங்கே படுக்கை என்று பிடிபடுகிறது.

நான் அதிக நேரம் நின்றது நடுச்சுவர் அருகே. கோபுரத்தை இரண்டாகப் பிளந்து அடியிலிருந்து மேல்வரை போகும் சுவர் அது. அதன் உள்ளுக்குள்ளேயே கிணற்றுக் குழாயைக் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு திறப்பு. எந்த மாடியில் இருந்தாலும் வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். முற்றுகைக்கு என்றே யோசித்துக் கட்டிய வீடு.

சுழல்படி குறுகல், தேய்ந்தது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே நின்றுவிடலாம், தப்பில்லை. மேலே காற்று காதைப் பிய்க்கிறது. ஆனால் ஆறு, பாலம், தேவாலயம் மூன்றும் ஒரே பார்வையில் விழுகின்றன.

அக்டோபர் 12, ஞாயிறு

பையனுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1215 ஜூனில் மாக்னா கார்ட்டா, அதாவது மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டப் பிரபுக்கள் வாங்கிய சாசனம். சில மாதங்களிலேயே மன்னர் ஜானும் பிரபுக்களும் மறுபடி மோதிக்கொண்டார்கள். அக்டோபரில் வில்லியம் டி ஆபினி தலைமையில் கலகப் படை ரோச்செஸ்டருக்குள் புகுந்தது. கோட்டைக்காவலரே கதவைத் திறந்துவிட்டார். ஜான் வந்ததும் முதல் வேலையாகப் பாலத்தைக் கெடுத்து, லண்டனிலிருந்து உதவி வர முடியாதபடி செய்தார். கேன்டர்பரிக்கு ஓர் உத்தரவு: இரவு பகலாகப் பிக்காசு செய்து அனுப்புங்கள்.

கல்லெறி பொறிகளால் கோபுரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் தெற்குப் பக்கம், நிலத்தின் வழியாக, மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். மேலே இருக்கும் பாரத்தை மரத்தூண்களால் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள், அப்புறம் தூண்களுக்குத் தீ வைப்பார்கள். நவம்பர் 25இல் ஜான் அனுப்பிய கடிதம் ஒன்று இருக்கிறது: சாப்பிட லாயக்கில்லாத கொழுத்த பன்றிகள் 40, உடனே வேண்டும். அந்தக் கொழுப்பில்தான் தீ பற்றியது. தென்கிழக்கு மூலை சரிந்தது.

எல்லாரும் பன்றியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்தது. மூலை விழுந்த பிறகும் உள்ளே இருந்தவர்கள் சரணடையவில்லை. நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் போய்ப் பாதிக் கோபுரத்தில் நின்று சண்டை போட்டார்கள். தின்பதற்குக் குதிரை இறைச்சிதான். நவம்பர் 30 வரை தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் அவர்களை விழவைத்தது ஜானின் சுரங்கம் இல்லை, பசி.

எல்லாரையும் தூக்கில் போடத்தான் ஜான் நினைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள், நாளை நம் ஆட்களுக்கும் இதே கதி வரும் என்று சொல்லித் தடுத்தார்கள். தூக்கில் போனது ஒரே ஒரு வில்வீரன். சிறுவயதிலிருந்து அரசரிடமே வளர்ந்தவனாம், அந்தக் கோபம்.

அக்டோபர் 15, புதன்

அந்த மூலையை ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் திரும்பக் கட்டினார்கள். அதற்குள் கட்டடக்கலை மாறியிருந்தது. சதுர மூலையின் விளிம்புக் கல்லைப் பெயர்ப்பது சுலபம், வட்டத்தில் பிடிமானம் கிடைக்காது. பழையதோடு பொருந்துகிறதா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஒரு குறை இருந்தது. ஆற்றங்கரைக் கோட்டை என்கிறோம், 1215இல் அடி விழுந்தது முழுக்க நிலத்துப் பக்கம். ஆற்றுக்கு என்ன வேலை?

பதில் 1264இல் இருக்கிறது. மூன்றாம் ஹென்றிக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்களின் தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் எதிர்க்கரையிலிருந்து வந்தபோது பாலம் அடைபட்டிருந்தது. ஆற்றில் ஒரு கப்பலுக்குத் தீ வைத்து மிதக்கவிட்டு, அந்தப் புகையிலும் குழப்பத்திலும் கரை கடந்தார். நகரம் விழுந்தது, கோட்டையின் வெளிமதிலும் விழுந்தது. கோபுரம் விழவில்லை. மன்னரின் படை வருகிறது என்று தெரிந்ததும் முற்றுகையை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆக, இனி போகிறவர்கள் கோபுரத்தோடு திரும்பிவிடாமல் கீழே இறங்கி ஆற்றோரம் நடங்கள். கண்டல்ஃப் காலத்து மதிலின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது. ஆற்றின் போக்கில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் முதலாம் எலிசபெத் காலத்து அப்நோர் கோட்டை. 1667இல் டச்சுக் கப்பல்கள் இதே மெட்வேயில் உள்ளே புகுந்து ஆங்கிலக் கடற்படையைக் கொளுத்தியபோது தடுக்கப் பார்த்துத் தோற்ற இடம். பையன் இப்போதே நாள் கேட்கிறான். குளிர் போகட்டும், வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.