அம்பாசடர் 1489 சிசி எஞ்சினில் ஆயில் ஒழுகல்: எந்த மூடிக்கு எந்தப் பசை

வண்டி அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். உள்ளே இருப்பது பிஎம்சி பி-சீரிஸ் 1489 சிசி எஞ்சின். இரவு நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஏற்கெனவே ஒருமுறை கைவைத்திருக்கிறார்கள்: டேப்பட் கவர் (எஞ்சினின் மேல் மூடி), சைடு கவர் (பக்கவாட்டு மூடி), சேம்பர் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), தெர்மோஸ்டாட் என்று எல்லா இடத்திலும் ஒரே கறுப்பு சிலிக்கான் பசை அப்பிக் கிடந்தது. அப்படியும் ஒழுகல் நிற்கவில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் ‘அனபாண்ட் போட்டுட்டா போதும்’ என்பது பாதி வேதவாக்கு. டியூபில் வரும் அந்தச் சிலிக்கான் பசையில் குறையில்லை, போட்ட இடம்தான் தப்பு.

நாள் 1: எங்கிருந்து வருகிறது

எஞ்சினை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுக்கக் காய விட்டோம். பிறகு மூடிகளின் விளிம்பை ஒட்டி டால்கம் பவுடர் தூவல். ஃபேன் பெல்ட்டில் மட்டும் படக்கூடாது. 20 நிமிடம் ஓடவிட்டால் வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்நுனிதான் ஊற்று. ஆயில் கீழ்நோக்கி இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் சேம்பரின் பின்பக்கம் சொட்டுவதை வைத்துச் சேம்பரைக் கழற்றுவது வீண் வேலையாகப் போகலாம். இங்கே மூன்று கோடுகள் விழுந்தன: டேப்பட் கவரின் பின்மூலை, மேனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போய்வரும் குழாய்த்தொகுதி) கீழே இருக்கும் பின் சைடு கவர், சேம்பரின் பின்முனை. இது போக கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் ஒரு சொட்டு.

பசையை எடுக்கும் முன் பிரீதரை, அதாவது எஞ்சின் மூச்சுவிடும் குழாயை, பார்க்க வேண்டும். சைடு கவரிலிருந்து இறங்கும் பிரீதர் குழாயில் கரியும் ஆயிலும் கலந்து தார் மாதிரி அடைத்திருந்தது. புகை வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், எந்த பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு இடையே வைக்கும் அடைப்பு) பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். குழாயைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தோம். ஆயில் ஊற்றும் மூடிக்குள் இருக்கும் கம்பி வலையும் அப்படியே. இதைச் செய்த பிறகு ஐட்லிங்கில் அந்த மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும், எத்தனை டியூப் பிதுக்கினாலும் அது நிற்காது.

நாள் 2: டேப்பட் கவர்

திறந்தவுடன் காரணம் தெரிந்தது. கார்க் பேக்கிங்கின் பின்மூலை உள்பக்கமாக நழுவி, வழவழவென்ற சிலிக்கான் படலத்தின் மேல் கிடந்தது. காயாத சிலிக்கான் கார்க்குக்கு வழுக்கு எண்ணெய் மாதிரி. நட்டை முடுக்க முடுக்க கார்க் பிதுங்கிக்கொண்டு வெளியே அல்லது உள்ளே ஓடிவிடும். கார்க்கின் முகத்தில் சிலிக்கான் தடவவே கூடாது.

கார்க்குக்கு ஷெல்லாக்தான் சரி. ஷெல்லாக் என்பது வேறொன்றுமில்லை, ஸ்பிரிட்டில் கரைத்த நம் அரக்கு. மூடியின் பள்ளத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, ஒட்டும் பதம் வந்ததும் கார்க்கை உட்காரவைத்து, மூடியைக் கவிழ்த்துத் தட்டையான பலகையில் வைத்துப் பாரம் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டோம். ஹெட்டில் உட்காரும் பக்கத்தில் பசை கிடையாது, கிரீஸ் ஒரு பூச்சு. டேப்பட் செட்டிங்குக்கு (வால்வு இடைவெளி சரிசெய்ய) திறக்கும்போது பேக்கிங் கிழியாமல் மூடியோடு வரும். கடையில் பல வருடம் கிடந்து சுருங்கிய கார்க் பேக்கிங் துளைக்குத் துளை பொருந்தாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும்.

மூடியைப் பிடித்திருப்பது இரண்டே நட்டு. அவற்றின் கீழ் உள்ள ரப்பர் புஷ் கல்லாகியிருந்தால் நட்டு வழியாகவே ஆயில் ஏறி வழியும், அதையும் மாற்ற வேண்டும். முடுக்கு அளவு 4 பவுண்டு-அடி, சுமார் 5.4 நியூட்டன் மீட்டர். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்தால் வரும் பலம் அவ்வளவுதான்.

நாள் 3: சைடு கவர்

இந்த வண்டியின் ஆகப் பெரிய ஒழுகல் இங்கேதான், ஆகக் கஷ்டமான இடமும் இதுதான். பின் சைடு கவரை ஒழுங்காகச் செய்ய மேனிஃபோல்டை இறக்கியாக வேண்டும். அதற்குச் சோம்பிக் கீழிருந்து கைவிட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

தகட்டு மூடி, நடுவில் ஒரே ஒரு போல்ட். ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் முடுக்கினால் நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். கழற்றிய மூடியைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தால் ஒரு மூலையில் 0.5 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாக நுழைந்தது. மரக்கட்டையின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கி, 0.1 மி.மீ. நுழையாத அளவுக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் டேப்பட் கவருக்குச் செய்த அதே முறை: மூடிப் பக்கம் ஷெல்லாக், எஞ்சின் பக்கம் கிரீஸ், நடு போல்ட்டுக்குப் புது வாஷர். முடுக்கு 2 பவுண்டு-அடி, 2.7 நியூட்டன் மீட்டர். இவ்வளவு குறைவா என்று கை நமநமக்கும், கேட்கக்கூடாது.

நாள் 4: சேம்பர்

ஆயிலை வடித்துச் சேம்பரை இறக்கியதும் பம்ப் சல்லடையைத்தான் முதலில் பார்த்தோம். வலையில் கறுப்புச் சிலிக்கான் நூல்கள், சேமியா மாதிரி, நாலைந்து ஒட்டியிருந்தன. உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் ஒருநாள் பிய்ந்து ஆயிலோடு போய்ச் சேரும் இடம் இதுதான். சல்லடை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும், பேரிங் போகும். ஒழுகலை விட இது ஆயிரம் மடங்கு செலவு.

பழைய சிலிக்கானின் மேல் புது சிலிக்கான் ஒட்டாது. பித்தளைத் தகடு அல்லது காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்து, கடைசித் துடைப்பு அசிட்டோனில். மலிவு தின்னர் எண்ணெய்ப் பசை விட்டுப்போகும். பழைய காகித பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி எமரி போட்டுத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுவது நல்லது.

போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு மேடு தட்டியிருந்ததால் அதையும் தட்டி மட்டமாக்கினோம். இரண்டு பக்கப் பேக்கிங்குக்கும் சேம்பர் பக்கத்தில் ஷெல்லாக். முன்னும் பின்னும் மெயின் பேரிங் கேப்பில் கார்க் பட்டை உட்காரும். பக்கப் பேக்கிங்கும் இந்தப் பட்டையும் சந்திக்கும் நான்கு மூலைகளில் மட்டும் மிளகு அளவு சிலிக்கான். இந்த எஞ்சினில் சிலிக்கானுக்கு நியாயமான இடம் இது. இரண்டு பேக்கிங் முட்டும் சந்து, அரித்துக் குழிவிழுந்த முகம், இவற்றை நிரப்புவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

7/16 ஸ்பேனர், நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்று, 6 பவுண்டு-அடி அதாவது 8 நியூட்டன் மீட்டர். சிலிக்கான் காற்றின் ஈரத்தில் காய்வது. 10 நிமிடத்தில் தோல் கட்டினாலும் உள்ளே இறுக 24 மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகுதான் ஆயில் ஊற்றினோம். பாதி பயன்படுத்திய டியூப் என்றால் தகரத் துண்டில் பிதுக்கி மறுநாள் பார்த்துவிட்டுப் போடவும். நாள்பட்டது கடைசிவரை காயாமல் பசைபசையென்றே இருக்கும். புளித்த காடி வாடை அடிப்பது அசெட்டிக் வகை, உலோகத்தை அரிக்கும், எஞ்சினுக்கு வேண்டாம்.

மற்ற இணைப்புகள்

தெர்மோஸ்டாட் வீடு, வாட்டர் பம்ப், டைமிங் கவர் ஆகியவற்றுக்குக் காகித பேக்கிங். இவற்றுக்கு நீல ஹைலோமார் பொருந்தும். ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சின்களுக்காக உருவான பசை, எப்போதும் இறுகாது, சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். இரண்டு முகத்திலும் பேக்கிங்கின் நிறம் தெரியும்படி மெல்லிசாகத் தடவி, 10 நிமிடம் ஆறவிட்டு மூட வேண்டும். டைமிங் கவரை முடுக்கும் முன் கிராங்க் புல்லியைச் செருகி ஆயில் சீலை நடுவில் நிறுத்தாவிட்டால், பேக்கிங் நன்றாக இருந்தும் சீல் ஒருபக்கம் தேய்ந்து ஒழுகும்.

லாக்டைட் 518 போன்ற அனேரோபிக் பசைகள் காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுத்தான் இறுகும். கடைந்த முகங்களுக்கு இடையே கால் மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் பிரமாதம், தகட்டு மூடிக்குப் பிரயோஜனமில்லை.

கார்பரேட்டர் பேக்கிங் எதுவும் தடவாமல் வெறுமனே. பெட்ரோல் பட்டால் சிலிக்கான் ஊதிப் பிய்ந்துவிடும். ஷெல்லாக்கும் இப்போது ஆகாது: அரக்கு ஆல்கஹாலில் கரையும், பங்க் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. ஹெட் பேக்கிங்கும் எக்ஸாஸ்ட் பேக்கிங்கும் பசை இல்லாமல்தான்.

600 கி.மீ. கழித்து

டேப்பட் கவரும் சைடு கவர் இரண்டும் பவுடரில் கோடே விழாமல் காய்ந்திருக்கின்றன. சேம்பரில் மூன்று போல்ட் லேசாகத் தளர்ந்திருந்தது, கார்க் அமுங்கும்போது அப்படி ஆகும். அதே 8 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கியாயிற்று. கிளட்ச் ஹவுசிங் துளையில் இரவுக்கு இரண்டு சொட்டு இன்னும் விழுகிறது. இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்கில் வெட்டிய மரைதான் ஆயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும். பேரிங் தேயத் தேய அந்த இடைவெளி கூடும், அங்கே பசை போட இடமே இல்லை. கிளட்ச் நழுவாதவரை அடியில் ஒரு தட்டு. எஞ்சின் இறங்கும் நாளில் மெயின் பேரிங்கோடு சேர்த்துப் பார்க்கப்படும்.