பதிவேட்டுக்கு முந்திய மணித்தியாலங்கள்

பொலிஸ் நிலையம் போன்ற, ஆட்களைப் பிடித்து வைக்கும் இடங்களுக்கு விஜயம் செய்யும் மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளுக்குத் தமிழில் பயிற்சி நடத்தும்போது முதலில் ஒரு சொல்லைப் பிரித்துவிட வேண்டும். ஆளைப் பிடித்து வைப்பதும் ‘தடுப்பு’, சித்திரவதை நடக்காமல் பார்ப்பதும் ‘தடுப்பு’. இரண்டாவதை ‘முன்தடுப்பு’ என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. முறைப்பாடு விசாரிப்பது அதற்குப் பழகிய வேலை. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் விருப்ப நெறிமுறையில் (இத்தகைய இடங்களுக்குத் தவறாமல் விஜயம் செய்யக் கோரும் உடன்படிக்கை) 2017 டிசம்பரில் நாடு சேர்ந்தபின் முன்தடுப்பும் அதன் பொறுப்பானது. முறைப்பாட்டு அதிகாரி ‘யார் அடித்தது?’ என்று தேடுவார். விஜயம் செய்பவர் ‘அடிக்க எங்கே நேரம் கிடைத்தது?’ என்று தேட வேண்டும். அனுபவமுள்ள அதிகாரிகள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

அந்த நேரம் பெரும்பாலும் கைதுக்கும் பதிவுக்கும் இடையில் ஒளிந்திருக்கும். சாதாரணச் சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கைது நேரத்தைப் பிந்திப் போட்டால் அந்தக் கணக்கே பிந்தித் தொடங்கும். எனவே ஒரே நாளின் தகவல் புத்தகம் (பொலிஸ் நிலையத்தில் நடப்பதை எழுதும் பதிவேடு), கூண்டுப் பதிவு (ஆட்களை அடைத்து வைக்கும் அறையின் பதிவு), சாப்பாட்டுப் பதிவு, வாகன ஓட்டப் பதிவு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடப் பழக்குகிறோம். மாலை 6 மணிக்குக் கைதானவருக்கு மதியச் சாப்பாடு எழுதப்பட்டிருந்தால், கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே இருக்கிறது. பயிற்சியில் இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். சட்ட விரிவுரையைச் சுருக்கினாலும் பரவாயில்லை.

அறிவிக்காமல் போவதும் கைக்குள் இருக்கும் அதிகாரம்தான். ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, ஆணைக்குழு எழுத்தில் அதிகாரமளித்தவர் எந்நேரமும் உள்ளே போகலாம். ஆனால் பொறுப்பதிகாரியின் அறையில் தேநீரோடு முக்கால் மணித்தியாலம் போனால், கூண்டு கழுவப்பட்டுவிடும். ஒருவர் அவரோடு பேசட்டும். மற்றவர்கள் உடனே கூண்டுக்கும் விசாரணை அறைக்கும் போக வேண்டும். அங்கே வழக்கின் சான்றுப்பொருள் என்று இலக்கம் ஒட்டாத தடி, குழாய், வயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரோடு பேசுவது என்பதை நாமே தெரிவு செய்ய வேண்டும். ஒருவரை மட்டும் அழைத்தால் காட்டிக்கொடுத்தது அவர்தான் என்றாகிவிடும். ஆகவே எல்லோரோடும், முடியாவிட்டால் பலரோடு, ஏறக்குறைய ஒரே அளவு நேரம் பேச வேண்டும். ‘சித்திரவதை செய்தார்களா?’ என்றால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். பிடித்ததிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட்டார் என்றும் கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றில் சான்றாகலாம். வாசிக்க முடியாத மொழியில் இட்ட கையொப்பம் ஒரு மனிதனின் பல வருடங்களைத் தின்றுவிடும்.

கண்டல் காயம் சில நாட்களில் மங்கிவிடும்; பிறகு மிஞ்சுவது வைத்திய அறிக்கைதான். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை பொலிஸ்காரர் அருகில் நிற்க நடந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

பேசியதற்காக யாரும் பழிவாங்கப்பட்டார்களா என்று அறிய, பேசியவர்களை மறுபடி போய்ப் பார்க்கும் திகதியை, வாசலைத் தாண்டுமுன் குறித்துவிடுங்கள்.