குனிந்து நிற்கும் அந்த மனிதர்

பேஸ்பால் பார்க்கும்போது என் கண் பந்து எறிபவர் மேல் இருக்காது. பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர், அவருக்கும் பின்னால் குனிந்து நிற்கும் அம்பயர் மேல்தான். பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும் தரைத் தட்டான ஹோம் பிளேட்டின் அகலம் வெறும் 17 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, எறிந்த அரை நொடிக்குள் அதைத் தாண்டிவிடும். பிளேட்டுக்கு மேலே இருக்கும் கற்பனைப் பெட்டிதான் ஸ்ட்ரைக் ஸோன். பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து அதன் ஓரத்தை லேசாக உரசினாலே ஸ்ட்ரைக், பேட்டருக்குப் பாதகம். உரசாவிட்டால் ‘பால்’ (ball), அவருக்குச் சாதகம்.

மேலே, கீழே கோடு எதுவும் கிடையாது. ஆளுக்கு ஆள் உயரம் மாறும். போதாததற்கு, கேட்ச்சர் பந்தைப் பிடித்த கையோடு மெல்ல உள்ளே இழுத்துக் காட்டுவார்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான்: 3 பால், ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லை என்றால் அம்பயர்களின் ஸ்ட்ரைக் ஸோன் கொஞ்சம் விரிகிறது. 2 ஸ்ட்ரைக், பாலே இல்லை என்றால் சுருங்குகிறது. பந்து பிளேட்டைக் கடந்த இடங்களை எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது இது. பின்தங்கியவர் பக்கம் மனசு தன்னை அறியாமல் சாய்கிறது. பிழைதான், ஆனாலும் அம்பயர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

2026 முதல் அமெரிக்காவின் மேஜர் லீக்கில் பேட்டரோ, பந்து எறியும் பிட்சரோ, கேட்ச்சரோ தலையைத் தட்டி அம்பயர் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம், கேமராக்கள் சொல்லிவிடும். அணிக்கு 2 வாய்ப்பு. முறையீடு சரியென்றால் வாய்ப்பு கழியாது. மனசார வரவேற்கிறேன். மற்ற பந்துகளுக்கெல்லாம் தீர்ப்பு இன்னும் அம்பயர் குரலில்தான்.